மாப்பிள்ளைக்கென்று ஒரு தனித் தம்ளர்

அருள்,

மூன்று ஞாயிறு வாசிக்கிற உன் கல்யாண ஓலையில் முதலாவதை இன்று காலை ஆலயத்தில் வாசித்தார்கள். சென்னையில் உட்கார்ந்திருக்கும் உனக்கு அப்பா அப்போதே மெசேஜ் அனுப்பியிருப்பார், பக்கத்தில் கைகூப்பும் பொம்மையும் போட்டு. அவர் அனுப்பாததை நான் எழுதுகிறேன். போதகர் உன் பெயரையும் ரூபியின் பெயரையும் சேர்த்து வாசித்தார். இந்த இருவரும் திருமணத்தில் இணையக் கூடாதபடி யாருக்காவது ஒரு தடை தெரிந்தால் சொல்லலாம் என்று வழக்கம்போலக் கேட்டார். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓலை வாசித்துக் கேட்டிருக்கிறேன். அந்த வாக்கியம் வரும்போது பெரும்பாலும் அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். இன்றைக்குப் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. சபையில் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்து பேச விஷயம் வைத்திருந்த ஒரே ஆள் மாப்பிள்ளையின் அம்மா, அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா என் முழங்கையை இடித்து, "என்ன டீச்சர், காய்ச்சலா?" என்று கேட்டார்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பாதியில் படிப்பதை நிறுத்தினாலும் இது உன்னிடம் வந்து சேர வேண்டும். சமயநல்லூரில் ரூபி வீட்டில் இனி யாரும் உனக்கு விளக்கெண்ணெய் தரமாட்டார்கள். தந்தாலும் குடிக்காதே. என் முகத்துக்காகக் குடிக்காதே, உன் மாமியார் முகத்துக்காகவும் குடிக்காதே. போனில் சொன்னால் "சரிம்மா, பாத்துக்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதவும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தப் பத்தியை முடிப்பதற்குள் அடுப்பை அணைத்தேனா என்று ஒரு முறையும், கேட்டைச் சாத்தினேனா என்று ஒரு முறையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சமயநல்லூரிலிருந்து ஒரு போன் வர வேண்டும். வருமா, வந்தால் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

நீ திருச்சியில் படித்த காலத்தை நினைத்துப் பார். ஊருக்கு வரும்போதெல்லாம் ரயிலில்தான் வருவேன் என்று அடம்பிடிப்பாய். மாட்டுத்தாவணிக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கும்போது இவனுக்கு என்ன ராஜ உபசாரம் என்று நான் திட்டுவேன். பஸ்ஸில் கக்கூஸ் கிடையாது என்பதுதான் காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. ரத்தம் போவதை நீ மாதக்கணக்கில் மறைத்திருக்கிறாய். மூலம் என்று நினைத்தாயாம். கன்னம் ஒட்டிப்போய் வந்து நின்றபோதும் "ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லம்மா" என்றாய். கடைசியில் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலின் உள்தோல் முழுக்கப் புண் என்று டாக்டர் சொன்னபோது, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெயரை எழுதிக் காட்டியபோது, எனக்கு வந்த முதல் யோசனை என்ன தெரியுமா? என் வீட்டில் ஏதோ அசுத்தம் என்பதுதான்.

அதற்குப் பிறகு நான் போட்ட ஆட்டம் உனக்கு நன்றாக நினைவிருக்கும். வீடு முழுக்க ஃபினாயில். தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்தேன். காய்கறியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். உன் கைகளை ஆபரேஷனுக்குப் போகிறவனைப் போலக் கழுவச் சொன்னேன். பிறகு யாரோ, கிருமியைக் கொல்லக் கூடாது, நல்ல கிருமியை உள்ளே அனுப்ப வேண்டும் என்றார்கள். உடனே கட்சி மாறினேன். மோர், நீராகாரம், மருந்துக்கடையில் விற்கிற நல்ல பாக்டீரியாப் பொட்டலம் என்று வேளைக்கு ஒன்றாக உன் முன்னால் நீட்டினேன். நீயும் மறுக்காமல் வாங்கி வாங்கிக் குடித்தாய். அதுதான் உன்னிடம் எனக்குப் பயமாக இருக்கிற குணம். கொடுத்த கை நோகக் கூடாது என்று எதையும் விழுங்குவாய்.

மறு பரிசோதனைக்குப் போனபோது அந்த டாக்டர் என்னை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னதை உனக்குத் திரும்ப எழுதுகிறேன், ஏனென்றால் நீ அன்று வெளியே மருந்து வாங்கப் போயிருந்தாய். "நீங்கள் பயாலஜி டீச்சர், உங்களுக்கே தெரியும்" என்று ஆரம்பித்தார். எல்லார் குடலிலும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் செரிக்காமல் விடுகிறதை அவை செரிக்கின்றன, குடலின் தோலுக்கு வேண்டிய சத்தையும் உண்டாக்கித் தருகின்றன. நம் உடம்பின் காவலுக்கு அவை வீட்டு ஆட்கள் என்று தெரியும், ஒன்றும் செய்யாது. இந்த நோயில் அந்தக் காவல் குழம்பிப்போகிறது. வீட்டு ஆளையே திருடன் என்று அடிக்கிறது, அடி விழுவது குடலின் தோலில். இப்படிப்பட்டவர்களின் குடலில் நல்ல வகைகள் குறைந்தும் சில வகைகள் மிகுந்தும் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது மாறியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அது மாறியதா என்று இன்னும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை, இரண்டுமாகவும் இருக்கலாம் என்றார். ஒரு தனிக் கிருமி செய்த வேலை இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அம்மா சுத்தமாக இல்லாததால் வருவதும் இல்லை. "மோர் குடிக்கட்டும், நல்லதுதான். ஆனா மாத்திரைய நிப்பாட்டினா நான் பொறுப்பில்ல" என்றார். நான் அவர் மேஜையில் தலைவைத்து அழுதேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு வந்தவள்தான் நான். எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நுண்ணுயிர்ப் பாடம் நடத்தி, கோலும் கோளமும் சுருளும் போர்டில் வரைந்து, "எல்லாப் பாக்டீரியாவும் எதிரி இல்ல பிள்ளைகளா" என்று கத்துகிறவள். அப்படிப்பட்டவள் சமயநல்லூரில் போய் என்ன சொன்னேன் என்று பார்.

பெண் பார்க்கப் போன அன்று காரிலேயே நீ சொன்னாய், "அம்மா, என் உடம்பைப் பத்தி இன்னைக்கே சொல்லிருவோம்" என்று. "வாய மூடு. கல்யாணம் முடியட்டும், பெறகு பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்று உன்னை அடக்கினேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அங்கே போய் உட்கார்ந்து காப்பி ஆறுவதற்குள் ரூபியின் அம்மா நேராகவே கேட்டுவிட்டார். "தம்பி திருச்சியில படிக்கும்போது ஆஸ்பத்திரியில இருந்தாப்லயாமே, என்ன மதினி?" எனக்கு முழுப் பொய் வராது, நாக்குக் குழறும். அதனால் உண்மையில் ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுத்தேன். "அது ஒன்னுமில்ல மதினி, வயித்துல பாக்டீரியா. இப்ப சரியாப் போச்சு" என்றேன். பாக்டீரியா என்றால் காய்ச்சல் மாதிரி வந்து போகிற விஷயமாகத் தெரியும், குடல் நோய் என்றால்தான் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டு வரும் என்று கணக்குப் போட்டேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு கேசரியை எடுத்துச் சாப்பிட்டாய்.

போன வாரம் கல்யாணச் சேலைக்கு ரவிக்கை அளவு வாங்கப் போயிருந்தேன். ரூபியின் அம்மா என்னைச் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு அலமாரித் தட்டைக் காட்டினார். புத்தம்புது எவர்சில்வர் தட்டு, தம்ளர், ஒரு சின்னத் தண்ணீர்ச் செம்பு. மூன்றின் அடியிலும் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு. "மாப்பிள்ளை வரப்போக இருப்பாரு. தனியா இருந்தா அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது. தப்பா நெனைக்காதீங்க மதினி, நீங்க படிச்சவுக, கிருமி சமாச்சாரம் உங்களுக்குத் தெரியாததா?" என்றார். இளக்காரம் ஒரு துளி இல்லை அந்த முகத்தில். அவர் பார்த்துப் பார்த்து வாங்கிவைத்திருக்கிறார். அதுதான் எனக்கு நெஞ்சில் அடித்தது. என் பிள்ளைக்குத் தனித் தம்ளர், அதை வைக்கச் சொன்னவள் நான்.

அத்தோடு முடியவில்லை. மேல் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை இறக்கினார். "சோழவந்தான் செக்குல ஆட்டுன வெளக்கெண்ண. கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளைக்கு ஒரு தடவ பேதிக்குக் குடுத்துருவோம். மூணாம் ஓலைக்கு வாராப்லல்ல, முந்தின நாள் சனிக்கிழமை காலையில வெறும் வயித்தோட இங்க வந்துரட்டும். அம்புட்டுக் கிருமியும் கழுவிக்கிட்டுப் போயிரும். நான் ரசஞ்சோறு வச்சுக் குடுத்து நாள் பூராம் பாத்துக்கிறேன். போன்ல கேட்டேன், சரி அத்தைன்னுட்டாப்ள" என்றார். நம் ஊர்ப் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு முன்னால் வயிற்றைக் கழுவுவது புதிதில்லை. என் சின்ன வயதில் பரீட்சை லீவு விட்டதும் வரிசையாக நிற்கவைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். நல்ல வயிற்றுக்கே அது ஒரு நாள் பாடு. புண்ணாகி ஆறிய குடலில் அதை ஊற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்தும், அருள், நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. "ஆகட்டும் மதினி, பாப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ மரியாதைக்குத்தான் சரி என்றிருப்பாய், அந்தச் சனிக்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போதே எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமாதானம் இன்று காலை ஆலயத்தில் உடைந்துபோனது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. அப்பா கறிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். "நான் சமயநல்லூர் போறேன்" என்றேன். "இந்த வெயில்லயா? என்னத்துக்கு?" என்றார். "தடையச் சொல்ல" என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். கூட வருகிறேன் என்று சட்டையைத் தேடினார். வேண்டாம் என்று டவுன் பஸ் ஏறிவிட்டேன். அவர் வந்தால் நான் ஆரம்பித்ததை அவர் சிரித்துப் பேசி மழுப்பிவிடுவார். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிறேனே.

ரூபிதான் கதவைத் திறந்தாள். அவள் அப்பா வெளியே போயிருந்தார், அம்மா பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்றார்கள், நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் காப்பி வரும், காப்பி வந்தால் பேச்சு வேறெங்கோ போய்விடும். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயர், ரத்தம், மாத்திரை, ஆயுசுக்கும் கவனமாக இருக்க வேண்டும் என்பது, நான் பாக்டீரியா என்று சொன்னது அரைப் பொய் என்பது, அந்த எண்ணெயை நீ குடித்தால் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டியிருக்கும் என்பது. முடித்ததும் ரூபி சொன்னாள், "எனக்குத் தெரியும் அத்த."

எனக்குப் புரியவில்லை. அவளே மூச்சுவிடாமல் சொன்னாள். "நிச்சயத்துக்கு முன்னாடியே உங்க மகன் என்னை நேர்ல பாத்துச் சொல்லிட்டாங்க. என்ன மாத்திரை, எப்ப அதிகமாகும், எல்லாம். நான்தான் யோசிச்சு சரின்னேன். ஆனா 'எங்கம்மா ஒன்னு சொல்லிட்டாங்க, அதை நான் போய்ப் பொய்யாக்குனா அவங்க இந்த வீட்டு வாசல்ல எப்படி ஏறுவாங்க, அவங்களாச் சொல்லட்டும்'னாங்க. அம்மாகிட்ட இது ஒட்டாதுன்னு நான் தலையால அடிச்சுச் சொன்னேன். 'பயாலஜி டீச்சரே கிருமின்னு சொல்லிட்டாக, நீ யாருடி'ங்கிறாங்க. எண்ணெயக் குடிக்காதீங்கன்னு உங்க மகன்கிட்டச் சொன்னா, 'ஒரு தடவதான, சமாளிச்சுக்கிறேன்'ங்கிறாங்க. நீங்க வரலைன்னா அந்தச் சனிக்கிழமைக்குள்ள நானே சொல்லியிருப்பேன் அத்த." அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கியிருந்தது. அழுகை இல்லை, கோபம்.

முட்டாள்! வேறென்ன சொல்ல உன்னை? நான் சொன்ன பொய் நிற்பதற்காக நீ குடல் கிழியக் கிடக்கத் தயாராக இருந்தாயா? உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நீ வாயைத் திறந்து எண்ணெய் குடிக்கப் பார்த்தாய். இதுவா ஒரு குடும்பம் நடக்கிற லட்சணம்? என் மேல் உனக்கு இவ்வளவு பாசமா என்று ஒரு நிமிஷம் உருகித்தான் போனேன். அடுத்த நிமிஷமே உன் காதைத் திருக வேண்டும்போல் இருந்தது. கேட்டுக்கொள், கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு நான் சொல்கிற ஒரே புத்தி இது. வேண்டாம் என்று சொல்லப் பழகு. உடம்பு நன்றாக இருக்கிற நாளில் மாத்திரை வேண்டாம் என்று தோன்றும், அந்தத் தோன்றுதலுக்கு வேண்டாம் சொல்லு. மாமியார் ஆசையாக வைக்கிற இரண்டாவது கரண்டிக்கு வேண்டாம் சொல்லு. முதலில் எனக்குச் சொல்லிப் பழகு, நான் ஒரு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பேன், மறுநாள் சரியாகிவிடுவேன்.

சரி, ரூபியின் அம்மாவுக்கு வருகிறேன். அவர் முதலில் கேட்டது நோயைப் பற்றி இல்லை. "எம் பொண்ணுக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். நான் ஒருத்திதான் கோட்டிக்காரி மாதிரி தம்ளருக்குப் பொட்டு வச்சுக்கிட்டு இருந்திருக்கேன், இல்லையா மதினி?" என்றார். பிறகுதான், "இது பிள்ளைகளுக்கு வருமா?" என்றார். மற்றவர்கள் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம், வந்தே தீரும் என்று இல்லை, வராது என்று என்னால் உறுதி சொல்லவும் முடியாது என்றேன். இந்த முறை கிள்ளிக் கொடுக்கவில்லை, முழுதாகக் கொடுத்தேன். "ஒட்டாதா?" என்று மறுபடியும் கேட்டார். "ஒட்டாது மதினி. கிருமி உங்க வயித்துலயும் இருக்கு, என் வயித்துலயும் இருக்கு. ஒரே வீட்ல பொழங்குறவங்களுக்கு அது கொஞ்சம் கொஞ்சமா ஒன்னு மாதிரி ஆகுமாம். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் கொணம்தான் ஒத்துப்போகல, கிருமியாவது ஒத்துப்போயிருக்கும். ஆனா அதனால இந்த நோவு வராது" என்றேன். ரூபி சிரித்துவிட்டாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. "எண்ணெயக் குடுத்திருந்தா நானே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேனா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் அப்போதுதான் உட்கார்ந்தேன். கடைசியில், "அவுக வரட்டும் மதினி. பேசிட்டுச் சொல்றோம்" என்றார். நிறுத்திவிடுகிறோம் என்றும் இல்லை, நடத்துகிறோம் என்றும் இல்லை.

கிளம்பும்போது அந்தத் தம்ளரைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அருள், மேலே எழுதியதோடு நிறுத்திவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்பா, "தரை தேஞ்சுரும் டீச்சர், உக்காரு" என்று சொல்லி முடிப்பதற்குள் போன் வந்தது. ரூபியின் அம்மாதான். "அவுக ஒன்னும் பெருசாச் சொல்லல மதினி. 'பொண்ணு தெரிஞ்சுதான ஒத்துக்கிட்டா, ரெண்டாம் ஓலைய வாசிக்கச் சொல்லு'ன்னாக. எனக்கு மனசு இன்னும் ஆறல, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். ஆனா மூணாம் ஓலைக்கு மாப்பிள்ளை வாரப்ப இங்கதான் சாப்புடணும். எது ஒத்துக்கும், எது ஒத்துக்காது, சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

விரலை மடக்கி எண்ணப் பார்த்தேன். பால் ஒத்துக்கொள்ளுமா? காரம் எவ்வளவு? நல்ல நாளில் கறி சாப்பிடுகிறாயா, பயந்துகொண்டு தட்டில் ஒதுக்கிவிடுகிறாயா? இத்தனை வருஷத்தில் உன் வாயில் எவ்வளவோ ஊற்றியிருக்கிறேன். உனக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று ஒரு நாளும் உன்னைக் கேட்டதில்லை. "எனக்குத் தெரியாது மதினி. அவன்கிட்டயே கேளுங்க, அவனே கூப்பிடுவான்" என்றேன். உன் வயிற்றைப் பற்றி நான் வெளியே பேசிய கடைசிப் பேச்சு அது. இனி நீ பேசு. இதைப் படித்ததும் உன் மாமியாரைக் கூப்பிடு, எனக்கு அப்புறம் கூப்பிட்டால் போதும்.

அடியில் சிவப்புப் பொட்டு வைத்த அந்தத் தம்ளரில்தான் இப்போது காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரை குறைவு என்றார்.

உன் அம்மா